ஹெட்போனில் தங்கிய குரல்

1. இருமல்

பதிவு செய்த குரலுக்குச் சளி பிடிக்காது. இதைத் தெரிந்துகொள்ள சவுண்ட் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நான் படிக்கவும் இல்லை. மணவாள நகரில் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் வைத்து, காதுகுத்து முதல் கம்பெனி ஆண்டு விழா வரை எல்லாவற்றுக்கும் பெட்டி இறக்கியவன் நான். கூம்பு ஸ்பீக்கர் காலத்திலிருந்து டிஜிட்டல் மிக்ஸர் காலம் வரை என் காதுக்கு வராத சத்தம் கிடையாது. அப்படிப்பட்ட காதில்தான் அந்த இருமல் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மூடிக் கிடந்த ஒரு லேத் பட்டறையின் பின்பக்கம். 'பி ஷிப்ட்' என்ற ராக் பேண்டு அங்கேதான் பிராக்டிஸ் செய்யும். டிரம்ஸ் வாசிக்கும் லோகு நாஷ்டா சாப்பிட வெளியே போயிருந்தான். அவனுடைய ஹெட்போனில் ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லியிருந்தான். நான் அதை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் ட்ராக்கை ஓடவிட்டேன்.

முதலில் டிக் டிக் என்று க்ளிக் வந்தது. பின்னாலேயே ஜெனியின் குரல் வந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் பேண்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும், அவள் முன்பு பாடிப் பதிவு செய்த குரல் அந்த ட்ராக்கில் இருக்கத்தான் செய்தது. சரணத்தில் ஓர் இடத்தில் அவள் மூச்சு வாங்கினாள். மூச்சோடு சேர்ந்து இருமினாள். வறட்டு இருமல். இரண்டு முறை இருமிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரியைப் பாடினாள்.

நான் ட்ராக்கைப் பின்னால் இழுத்து அதே இடத்தை மறுபடி ஓடவிட்டேன். மூச்சு இருந்தது. இருமல் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளுகிற ஆள் இல்லை. சுடுகாட்டு ஓரமாக ஒயர் இழுத்து, அங்கேயே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டவன். இருந்தாலும் ஏனோ போனை எடுத்து ஜெனியைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். அதே வறட்டு இருமல்.

"இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி ரெண்டு தபா இருமினியா?"

"காலைலேர்ந்து இருமிக்கினேதான் இருக்கேன். உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். ட்ராக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள்ளிருந்து கொசு ரீங்காரம் போல அவள் பாடிக்கொண்டே இருந்தாள். லோகு திரும்பி வரும்வரை நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தக் கை வரவில்லை என்பதுதான் உண்மை.

2. கைடு என்றால் என்ன

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நான்கு பேர் நின்று வாசிக்கிறார்கள், ஆனால் பத்துப் பேர் வாசிக்கிற சத்தம் வருகிறது என்றால், மீதி ஆறு பேர் லேப்டாப்பில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கீபோர்டு, கோரஸ் எல்லாம் ட்ராக்காக முன்பே பதிவு செய்யப்பட்டிருக்கும். அது ஸ்பீக்கருக்குப் போகும். அதனோடு கூடவே, ஜனங்களுக்குக் கேட்காத இரண்டு சங்கதிகள் டிரம்மரின் ஹெட்போனுக்கு மட்டும் போகும். ஒன்று க்ளிக், தாளத்துக்கு. இன்னொன்று கைடு, பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிய, யாராவது சாதாரணமாகப் பாடி வைத்த குரல். கைடு என்பது வழிகாட்டிப் பலகை மாதிரி. யாரும் அதைக் கேட்டு ரசிக்க மாட்டார்கள்.

பி ஷிப்டில் எல்லாப் பாட்டுக்கும் கைடு பாடி வைத்தது ஜெனி.

பேண்டின் பெயரே அதன் கதையைச் சொல்லிவிடும். எல்லோரும் கம்பெனிகளில் இரண்டாவது ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். பகலில் பிராக்டிஸ், மதியத்துக்கு மேல் வேலை. லோகு உருக்காலையில் கிரேன் ஆப்பரேட்டர். பேண்டை ஆரம்பித்தவன் அவன்தான், கணக்கு வழக்கு பார்ப்பவனும் அவன்தான். ஜெனி காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். அவள் அப்பா வார்ப்பட்டறைத் தொழிலாளி. சர்ச்சில் பாடிப் பழகிய பெண். ஆனால் சர்ச் குரல் இல்லை அவளுடையது. எலெக்ட்ரிக் கித்தாரை மாட்டிக்கொண்டு அவள் வாயைத் திறந்தால் என் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும். நான் திட்டிக்கொண்டே சத்தத்தைக் குறைப்பேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

அவளும் லோகுவும் சேர்ந்து வாசிப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைப்பாள். அவன் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணுவான். டக், டக், டக், டக். ஐந்தாவது அடியில் இரண்டு பேரும் ஒன்றாக விழுவார்கள். அவர்களுக்குள் காதலா என்று கேட்பவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போகிறவர்களுக்குள் இருக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

அவள் ஏன் போனாள் என்பதும் ரகசியம் இல்லை. என் கண் முன்னால்தான் நடந்தது. அவள் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்திருந்தாள். அதை மேடையில் பாட வேண்டும் என்றாள்.

"கம்பெனி ஃபங்ஷன்ல உன் பாட்ட யாரு கேக்கறாங்க? சினிமாப் பாட்டுதான் சோறு போடுது" என்றான் லோகு.

"கேக்கறாங்களா இல்லையான்னு ஒரு தபா பாடிப் பாத்தாதானே தெரியும்?"

"பாடு. நல்லா பாடு. ஆனா என் பேண்டுல வேணாம்."

அவள் கித்தாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். என்னைப் பார்த்து, "வரேண்ணா" என்றாள். லோகுவிடம் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமே லோகு வேறொரு பாடகனைப் பிடித்துவிட்டான். விக்கி என்ற பையன். நல்ல குரல், மரியாதையான பிள்ளை.

ஆனால் ட்ராக்கில் கைடு மாறவில்லை. மேடையில் விக்கி பாடுவான். லோகுவின் காதில் ஜெனி பாடுவாள். அவன் அவளுக்குத்தான் வாசித்தான். ஒட்டுமொத்த பேண்டும் அவன் பின்னால் போனது. விக்கி என்னிடம் வந்து, "சேகர்ணா, பாடச் சொல்லோ யாரோ என்ன பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சி இழுக்கற மாதிரியே இருக்குதுண்ணா" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

3. அவள் திரும்பிப் பார்த்த இடம்

ஜெனிக்கும் நான்தான் சவுண்ட். இரண்டு பக்கமும் வேலை செய்கிறாயே என்று லோகு முறைத்தான். "நான் என்ன உன் பேண்டுக்குத் தாலி கட்டினவனா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் தனியாகப் பாடிய முதல் நிகழ்ச்சி பொன்னேரிப் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில். மேடையில் அவளும் கித்தாரும், கித்தார் சத்தத்தை முரட்டுத்தனமாக்கக் காலடியில் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் மட்டும். எனக்குப் பயமாக இருந்தது. ராக் என்றால் டிரம்ஸ் வேண்டாமா? எலும்பில்லாமல் ஆள் எப்படி நிற்பான்? ஆனால் நின்றாள். "சங்கு ஊதினா எழுந்துக்கறேன், எது ஊதினா தூங்குவேன்" என்று ஆரம்பிக்கும் அவளுடைய சொந்தப் பாட்டு. கம்பெனி சங்கைப் பற்றி இதுவரை யாராவது பாடிக் கேட்டிருக்கிறீர்களா? முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நைட் ஷிப்ட் முடித்து வந்த முகம், சிரிக்க ஆரம்பித்து அழுது முடித்தார்.

அன்றிலிருந்து நான் அவளுடைய விசிறி. வெட்கமில்லாமல் சொல்கிறேன். காட்டுப்பள்ளி பக்கம் தொழிலாளர் குடியிருப்பில், பழவேற்காட்டில் மீனவர்கள் நடத்திய விழாவில், ஒரு கல்லூரியில் என்று அவள் எங்கே பாடினாலும் நானே போனேன். வேறு நிகழ்ச்சி இருந்தாலும் ஆளை அனுப்பிவிட்டு நான் இவளிடம் வந்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டு கொஞ்சம் மாறியிருக்கும். முன்பு கத்திய இடத்தில் இப்போது பேசுவது போலப் பாடுவாள். அது இன்னும் ஆழமாக இறங்கும். பேண்டில் இருந்தபோது அவளிடம் பாதிதான் வெளியே வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். அங்கே பேனர் துணி இருக்கும், அல்லது வெறும் சுவர் இருக்கும். அதைப் பார்த்துத் தலையசைப்பாள். நான்கு எண்ணிக்கை சும்மா நிற்பாள். பிறகுதான் ஆரம்பிப்பாள்.

பழக்க தோஷம் என்று நினைத்தேன். பழவேற்காட்டு விழாவில்தான் அந்த நினைப்பு போனது. சாயங்காலம், ஏரிக்காற்று கொஞ்சம்கூட இல்லை. அவள் மைக்கில் இரைச்சல் ஏதாவது வருகிறதா என்று பார்க்க அந்தச் சேனலை மட்டும் என் ஹெட்போனில் தனியாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பினாள். தலையசைத்தாள்.

டக், டக், டக், டக்.

தூரத்திலிருந்து வருவது போல, ஆனால் துல்லியமாக. காய்ந்த குச்சியில் காய்ந்த குச்சி. ஹெட்போனைக் கழற்றினேன். மைதானத்தில் அந்தச் சத்தம் இல்லை. மேடைக்குப் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். வலை காயப்போட்டிருந்தார்கள். ஒரு நாய் படுத்திருந்தது. ஆள் யாரும் இல்லை. நாய் மேடையைப் பார்த்தபடி காதைத் தூக்கி வைத்திருந்தது.

4. பாடாத நாளில் கட்டிய தொண்டை

இருமலுக்கு முன்னாலேயே ஜெனியின் தொண்டை கெட ஆரம்பித்திருந்தது. திருவள்ளூரில் டாக்டரிடம் காட்டினாள். குரல்வளையில் வீக்கம், அதிகம் பாடினதால் வருவது, குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"நான் எங்கண்ணா அதிகம் பாடறேன்? மாசத்துக்கு ஒரு புரோகிராம் வந்தா பெருசு" என்றாள் என்னிடம். "நேத்து லீவு. வாயே தொறக்கல. சாயங்காலமா பாத்தா மூணு மணி நேரம் கத்தினவ மாதிரி தொண்ட கட்டிக்கிச்சு. நான் பாடறதுக்கு முன்னாடியே யாரோ பாடி முடிச்சிடற மாதிரி இருக்குதுண்ணா."

அவள் சொன்ன அந்த நாளில் லோகுவுக்குக் கவரைப்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன் இருந்தது. நான்தான் பெட்டி இறக்கினேன். அதை அவளிடம் சொல்லவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவள் தொண்டை கட்டியதாகச் சொன்ன நாட்கள் ஒவ்வொன்றும் லோகுவின் நிகழ்ச்சி நாட்கள். என் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு மொதல்ல சொல்லு" என்றாள். "சொன்னா பயந்துக்குமே" என்றேன். "தெரியாம தேயறதுக்கு, தெரிஞ்சி பயந்துக்கறது மேல்" என்றாள். அதன் பிறகும் நான் சொல்லாமல்தான் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இருமலைக் கேட்ட பிறகுதான் இனி தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது.

அப்போது ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. காக்களூரில் ஒரு கம்பெனி ஜெனியைத் தனியாகக் கூப்பிட்டிருந்தது. நிகழ்ச்சி முழுவதும் அவள் மட்டும், அவளுடைய சொந்தப் பாட்டுகள் மட்டும். அப்படி ஒரு வாய்ப்பு அவளுக்கு அதுதான் முதல். அவள் எதிலும் பெரிய பேச்சு பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"இந்த மேடைல என் குரல் ஒடஞ்சிதுன்னா அதோட வுட்டுடுவேண்ணா. பேக்கிங்ல ஒழுங்கா வேல பாத்துக்கினு இருப்பேன். எங்க அப்பாகூட அதத்தான் சொல்றாரு."

5. "என் கைக்குத் தெரியல"

முதலில் லோகுவிடம் போனேன். இருமலைச் சொன்னேன். கைடை அழித்துவிடு என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"உனக்கு இப்பதான் கேக்குதா?" என்றான். "எனக்கு ரொம்ப நாளா கேக்குதுண்ணா. ரெக்கார்ட் பண்ணச் சொல்லோ கத்திப் பாடின எடத்துல இப்பல்லாம் பேசற மாதிரி பாடறா. நான் அவளுக்கு அப்டி வாசிச்சதே இல்ல. அவ எப்ப அப்டிப் பாடக் கத்துக்கினா?"

எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பக்கத்தில் இருந்து கேட்டவன். அவள் பேண்டை விட்டுப் போன பிறகு கற்றுக்கொண்டது அது. அந்த ட்ராக்கோ அவள் போவதற்கு முன்னால் பதிவு செய்தது.

"டேய், அப்ப ஏன் இன்னும் போட்டுக் கேக்கற? அழிச்சிடு."

"அது இல்லாம ரெண்டு தபா ட்ரை பண்ணேன். பாட்டு நடுவுல கை நின்னு போச்சு. அவ பூட்டான்னு எனக்குத் தெரியும்ணா. என் கைக்குத் தெரியல."

இருபது டன் உருக்கை அந்தரத்தில் நகர்த்துகிற கை அது. இப்போது மடியில் இருந்த இரண்டு குச்சிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் போய்விட்டது. "அவ தொண்டை போவுதுடா" என்று மட்டும் சொன்னேன். "ஆயுத பூஜை முடியட்டும். அன்னிக்கு பெரிய கம்பெனி. என்னால ரிஸ்க் எடுக்க முடியாது" என்றான்.

அன்று மாலை ஜெனியிடமும் சொல்லிவிட்டேன். கைடு, இருமல், லோகு சொன்னது, எல்லாவற்றையும். பழவேற்காட்டில் நான் கேட்ட நான்கு தட்டுகளையும் சொன்னேன். அவள் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள். "என் காதுக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது வராம நான் ஒரு பாட்டுகூட ஆரம்பிச்சதில்லண்ணா. வரட்டும்னு நிப்பேன். வந்துடும்."

என் கை ரோமம் எழுந்து நின்றது. மணவாள நகர் டீக்கடை வாசல், சுற்றிலும் அத்தனை ஜனம், அத்தனை வண்டிச் சத்தம்.

6. ஆயுத பூஜை

கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஆயுத பூஜை அன்று ஷெட்டுக்குள் போனால் ஒரு மாதிரி இருக்கும். எப்போதும் இரைகிற மெஷின்கள் எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். பொரி கடலை வாங்க வந்த பிள்ளைகள்கூட அங்கே மெதுவாகத்தான் பேசும்.

கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு ஷெட்டுக்குள்தான் முற்பகலில் பி ஷிப்டின் நிகழ்ச்சி. காக்களூரில் ஜெனியின் நிகழ்ச்சி சாயங்காலம். அங்கே என் ஆட்கள் இன்னொரு செட்டைக் காலையிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் அங்கே சவுண்ட் செக் செய்துகொண்டிருப்பாள். நான் இதை முடித்துவிட்டுப் பெரியபாளையம் வழியாக வண்டியை விரட்டிப் போய்ச் சேர வேண்டும்.

கைடு சேனலை என் ஹெட்போனில் வைத்துக்கொண்டேன். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. குரல் கரகரத்தது. இரண்டாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கிழிந்தது. எங்கோ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண்ணின் தொண்டை தேய்வதைக் கேட்டுக்கொண்டு, நான் பாட்டுக்கு கீபோர்டு சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சேனலை மூடிவிடலாம் என்று விரல் போனது. மூடினால் மேடையில் லோகுவின் கை நிற்கும். அவனைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. அவனுக்கும் கேட்கிறது.

மூன்றாவது பாட்டு. பல்லவி முடிந்தது. சரணத்தில் அந்த மூச்சு வாங்கும் இடம் வந்தது. ஜெனி மூச்சை இழுத்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

க்ளிக் ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டு ட்ராக் ஓடிக்கொண்டிருந்தது. குரல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு ஆள் எழுந்து போன நாற்காலி மாதிரி இருந்தது. லோகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மூடிவிட்டாயா என்று முகத்தாலேயே கேட்டான். நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். தொடவில்லை.

அவன் கை நின்றது. குச்சி அந்தரத்தில் இருந்தது. ஷெட் முழுக்க மாலை போட்ட மெஷின்களும் ஜனங்களும் அவனைப் பார்த்தார்கள். விக்கி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான், ஆனால் பாட்டை விடவில்லை. டிரம்ஸ் இல்லாமல், நடுக்கத்தோடு, பாடிக்கொண்டே இருந்தான். அந்தப் பையனுக்கு நான் ஆயுசுக்கும் மரியாதை வைத்திருக்கிறேன்.

லோகு ஹெட்போனைக் கழற்றித் தரையில் போட்டான். விக்கியின் வாயைப் பார்த்தான். விக்கி வந்து இத்தனை நாளில் லோகு அவன் பாடுவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஒரு அடி வைத்தான். தப்பாக விழுந்தது. இன்னொன்று வைத்தான். மெதுவாக விக்கிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டான். பிரமாதம் என்று சொல்ல முடியாது. தடுமாற்றம் இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிற இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற சத்தம் அது. நான் லேப்டாப் சேனல்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டேன். விக்கியின் சட்டையை அதன் பிறகு யாரும் பிடித்து இழுக்கவில்லை.

காக்களூர் போய்ச் சேர்ந்தபோது ஜெனி மேடை ஏறத் தயாராக இருந்தாள். பேசச் சொல்லிக் குரலைச் சோதிக்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் சைகையால் தடுத்துவிட்டாள். நான் மிக்ஸருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவள் மைக்கை மட்டும் தனியாக வைத்துக் கேட்டேன். அவள் மைக் முன்னால் வந்தாள்.

திரும்பவில்லை. தலையசைக்கவில்லை. காத்திருக்கவும் இல்லை. நேராகப் பாட்டில் இறங்கினாள்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? தொண்டை கட்டின சுவடே இல்லை என்று சொன்னால் பொய். சுவடு இருந்தது. அந்தச் சுவட்டின் மேலேயே ஏறி நின்று பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துபோகும் என்று நான் பயந்த இடத்தில் அதை இரண்டாக விரித்துக் காட்டினாள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. எரிந்தால் எரியட்டும் என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்து கீழே வந்ததும் கேட்டேன், காலையில் என்ன நடந்தது என்று.

"சவுண்ட் செக் பண்ணச் சொல்லோ வழக்கம் போல தட்ட ஆரம்பிச்சிது. நாலு தட்டும் முடியற வரைக்கும் நிக்காம ரெண்டுலயே பாட ஆரம்பிச்சிட்டேன். மீதி ரெண்டு வரவே இல்லண்ணா."

7. கேட்காமல் சொருகாதே

மறுநாள் லோகு என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கீபோர்டு, கோரஸ், க்ளிக் எல்லாம் அலை அலையாக இருந்தன. கைடு இருந்த வரிசையில் ஒரே நேர்கோடு. எல்லாப் பாட்டிலும் அப்படியே. பென் டிரைவில் வைத்திருந்த காப்பியிலும் அப்படியே. நான்தான் அழித்திருப்பேன் என்று கொஞ்ச நேரம் கத்தினான். கத்தி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவகிட்ட கேட்டுச் சொல்றியாண்ணா? ஒரே ஒரு தபா வந்து புதுசா கைடு பாடிக் குடுக்கச் சொல்லு. நான் மன்னிப்புகூட கேக்கறேன்."

போய்ச் சொன்னேன். ஜெனி கோபப்படவில்லை.

"மேடைக்குக் கூப்டா வரலாமா வேணாமான்னு யோசிக்கறேன். காதுக்குள்ள கூப்டா வர மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

இப்போது அவள் பேக்கிங் செக்‌ஷனில் இல்லை. அவள் பாட்டுகளை எங்கெங்கோ கேட்கிறார்கள், எங்கெங்கோ போய் வருகிறாள். டாக்டரிடம் போவதில்லை. லோகு ஹெட்போன் போடுவதில்லை. இதற்கு விளக்கம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். ஒயர் எங்கே அறுந்தது என்று கேட்டால் சொல்வேன். இது என் படிப்புக்கு மேற்பட்டது.

ஆனால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல முடியும். இந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குரலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்றால், அது உங்களுடையது ஆகிவிடாது. பாடினவர் போகும்போது அவர் குரலையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ட்ராக்கோடு வருகிற எந்தப் பேண்டிடமும் நான் இப்போது முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன். இதில் யார் யார் குரல் இருக்கிறது, நீங்கள் பயன்படுத்துவது அவர்களுக்குத் தெரியுமா?

போன மாதம் ஒரு மேனேஜர் என் கேள்விக்குச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு எங்கள வுட்டுப் போயி எவ்ளோ நாளாச்சு! அதுக்கு எப்டிங்க தெரியப்போவுது?"

"தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு, இழுத்துப் போட்டிருந்த கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.